பிடி தளரும்போது

அன்புள்ள ஐயா,

ஐந்து மாதமாக அதிகாலையில் தியானத்துக்கு அமர்கிறேன். இமைகளைப் பாதி மூடி அமரும் முறை. இருபது நிமிடம் கடந்ததும் கண்ணீர் வழியத் தொடங்குகிறது. துக்கமே இல்லை, மனம் நிறைந்திருக்கிறது. உள்ளே சேர்ந்த நஞ்சு வெளியேறுகிறது என்கிறார் உடன் பயிலும் நண்பர். மனபலவீனம் என்கிறான் தம்பி. கடந்த 40 நாளில் 31 நாள் வந்திருக்கிறது, குறித்து வைத்திருக்கிறேன். இது முன்னேற்றத்தின் அடையாளமா?

எம்.

அன்புள்ள எம்.,

தம்பியை விடுங்கள். நஞ்சுக் கதையையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். கண்ணில் எப்போதும் நிற்கும் நீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டுகிற உடம்பில், இந்தத் துளியை நம்பியா நஞ்சு காத்திருக்கிறது? உணர்ச்சியில் வரும் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் என்று 1981இல் வில்லியம் ஃப்ரே என்ற உயிர்வேதியியலாளர் கண்டார். கழிவு வெளியேறுகிறது என்று அவரே ஊகித்ததும் உண்டு. ஊகம் ஊகமாகவே நிற்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ‘துக்கமே இல்லை’ என்ற வரி. சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனந்தக் கண்ணீர் என்ற பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது. பாத்திரம் நிரம்பி வழிவதுபோல ஆனந்தம் வழிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியானால் பந்தயத்தில் முந்தி ஓடுபவன் ஓடும்போதே அழ வேண்டுமே? கோட்டைத் தாண்டி, முழங்காலில் கைவைத்துக் குனிந்த பிறகுதானே அழுகிறான்? தொலைந்த குழந்தையைத் தேடும் தாயைப் பாருங்கள். தேடும்வரை கண்ணில் ஈரமே இருக்காது. கிடைத்ததும் முதுகில் ஒன்று வைப்பாள், பிறகுதான் கட்டிக்கொண்டு அழுவாள்.

கண்ணீர்ச் சுரப்பி இருப்பது கண்குழியின் மேல் வெளிமூலையில். அதைச் சுரக்கச் சொல்லும் நரம்பு, ஓய்வையும் செரிமானத்தையும் கவனிக்கும் பரிவிணை நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. முதலில் உடல் முறுக்கேறும், அது இறங்கத் தொடங்கும் திருப்பத்தில்தான் கண்ணீர் வரும் என்று எஃப்ரான், ஸ்பாங்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். போரைப் பாடும் பழந்தமிழ்ப் புறத்துறைகளில் ‘உவகைக் கலுழ்ச்சி’, அதாவது மகிழ்ந்து அழுதல், என்றே ஒன்று உண்டு. வாள்பட்டுக் கிடக்கும் வீரனின் உடலைக் கண்டு உறவு கண்ணீரோடு உவப்பது. புறமுதுகு காட்டியிருப்பானோ என்ற அச்சம் அங்கே தளருகிறது. நம் ஆட்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது.

தொண்டை அடைப்பதும் இதில் சேர்ந்ததே. காற்றை நிறைய இழுக்கக் குரல்வளை விரிந்து நிற்கும், விழுங்கும்போது அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் உருண்டை என்கிறோம். எனவே விழுங்கி அடக்காதீர்கள். வாயைச் சற்றே திறந்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம், கன்னத்தில் ஒற்றினால் போதும். மூக்கு ஒழுகினால் அதுவும் கண்ணீர்தான். இமையின் உள்மூலைத் துளை வழியாக அங்கே இறங்குகிறது.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். பாதி மூடிய இமை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். பார்வை ஓரிடத்தில் நிலைத்தால் இது வெகுவாகக் குறையும். கண்மேல் படிந்திருக்கும் நீர்ப்படலம் கிழிந்து காயும். காய்ந்த இடம் நரம்பைத் தூண்ட, சுரப்பி அவசரமாகக் கொட்டும். வறண்ட கண்தான் அதிகம் ஒழுகும்! அதை ஆன்மிகக் கணக்கில் வரவு வைக்கிறீர்களா?

ஒரு வாரம் கண்ணை முழுதாக மூடி அமருங்கள், மின்விசிறிக் காற்று முகத்தில் படாமல். நின்றுவிட்டால் அது கண்ணின் விஷயம். ஒரே கண்ணில் மட்டும் வழிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், வடிகுழாய் அடைத்திருக்கலாம். இரண்டிலும் வருகிறது, கூடவே தொண்டை கனத்து, தோள் இறங்கி, மூச்சு நீள்கிறது என்றால் ஏதோ ஒரு பழைய பிடி தளருகிறது. நல்லது, வரட்டும்.

வாரம் கழித்து எழுதுங்கள். எத்தனை நாள் வந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.