கார்டு பேமென்ட் பாதியில் நின்றால் ஆர்டரை ரத்து செய்யலாமா?

பெங்களூரு அல்சூரில் இருந்து ஆன்லைனில் ஊறுகாய் விற்கிறீர்கள்; கார்டு பேமென்ட் தோல்வி என்று திரை காட்டுகிறது, வாடிக்கையாளரோ பணம் போய்விட்டது என்கிறார். ரத்து செய்யலாமா என்று கேட்கிறீர்கள். உடனே வேண்டாம். வங்கி சர்வர் திணறும்போது பதில் தாமதமாக வரும். தோல்வி என்று தெரிந்தது சற்று நேரத்தில் வெற்றியாக மாறலாம். ஆர்டரை நிலுவையில் வைத்து, அதே ஆர்டர் எண்ணுக்கு பேமென்ட் கேட்வேயில் (கார்டு பணத்தை வாங்கித் தரும் சேவை) நிலவரம் பாருங்கள். பார்க்காமல் புது லிங்க் அனுப்பினால் இரண்டு முறை பணம் பிடித்துவிடும், அப்புறம் ரீஃபண்ட் பஞ்சாயத்துதான். தோல்வி உறுதியானால் யுபிஐ கொடுங்கள்.

காலாவதியான கார்டு வேறு கதை, எத்தனை முறை முயன்றாலும் போகாது.

பணம் பிடித்தும் உங்களுக்கு உறுதி வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி பரிவர்த்தனைக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.