உள்ளறைக் கதவுக்குச் சாயமா, மாற்றா? கேள்வி பதில்

கேள்வி: பழைய வார்னிஷ் மேலேயே ஸ்டெயின் அடிக்கலாமா?

பிடிக்காது. ஸ்டெயின் மரத்துக்குள் இறங்க வேண்டிய சாயம், வார்னிஷ் அதை உள்ளே விடாது. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கதவைப் படுக்கப் போடுங்கள். 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 180, 220 என்று போங்கள், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் இப்போது கண்ணுக்குத் தெரியாது. சாயம் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். முடித்த பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், வார்னிஷ் மிச்சமுள்ள இடம் மட்டும் நனையாமல் வெளிறித் தெரியும்.

கேள்வி: வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய கதவு. மெஷினால் தேய்க்கலாமா?

வேண்டாம். வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஓரத்தில் ஒரு நொடி அதிகம் நின்றால் ஓட்டை. கையால் லேசாகத் தேய்த்து, கூழ் போல இருக்கும் ஜெல் ஸ்டெயின் போடுங்கள், அது மேலாகவே நிற்கும்.

கேள்வி: பைன் கதவில் சாயம் திட்டுத்திட்டாகிவிட்டது.

பைன் அப்படித்தான், ஒரு இடம் குடிக்கும், ஒரு இடம் குடிக்காது. அடுத்த கதவுக்கு முதலில், மரம் சாயத்தைச் சீராகக் குடிக்கவைக்கும் மெல்லிய சீலர் ஒரு கோட் கொடுங்கள். சோதனையைக் கீல் பக்க விளிம்பில் செய்யுங்கள். தலைவிளிம்பில் ரேகை குறுக்கே அறுபட்ட வெட்டுமுனை இருக்கும், நிறம் கூடுதலாகக் கறுத்து உங்களை ஏமாற்றும்.

கேள்வி: நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்றுகிறேன். அளவு எப்படி?

நிலை நேராக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுங்கள், உயரத்தை இரண்டு பக்கமும். சின்ன அளவுதான் கணக்கு. பக்கங்களிலும் மேலேயும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி, கீழே மிதியடி தட்டாத அளவு. பழைய கதவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிலையின் கோணலுக்கு ஏற்ப இழைத்ததே அதுதான், அதைப் புதியதன் மேல் வைத்துக் கீல் இடங்களைக் கோடு போட்டுக்கொள்ளலாம். உள்ளே கூடான கதவு என்றால் ஓரச் சட்டம் எவ்வளவு அகலம் என்று கேட்டுவிட்டே அறுங்கள், சட்டத்தைத் தாண்டினால் ஸ்க்ரூ பிடிக்க மரமே இருக்காது. நிலையில் பழைய துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் மறுபடி துளையிடுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்தும் புதுக்கதவு வளைந்துவிட்டது, ஏன்?

கதவுக்கு அடியில் ஒரு கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். வார்னிஷ் படாத வெறும் மரம் தெரிந்தால் காரணம் அங்கேதான். மேல், கீழ் விளிம்புகள் ஈரத்தை உறிஞ்சும் வாய். என் முதல் கதவையும் இப்படித்தான் கெடுத்தேன்.

கேள்வி: மழைக்காலத்தில் இறுகுகிறது. இழைத்துவிடலாமா?

முதலில் மேல் கீலின் ஸ்க்ரூவை முடுக்குங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். இழைப்புளியை வெயில் காலம் வரை எடுக்காதீர்கள், இப்போது இழைத்தால் அப்போது சந்து விழும்.

கேள்வி: துடைத்த துணிகளைக் குப்பையில் போடலாமா?

எண்ணெய் ஸ்டெயின் என்றால் கூடவே கூடாது. சுருட்டிப் போட்ட துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்து விறைப்பாகும் வரை காயவிடுங்கள், அப்புறம் போடலாம்.