கொம்பியூட்டர் கேள்வி பதில்: ஃபோர்மெட் பண்ணத்தான் வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 4 ஜீபி ரேம். ஒரு மாதமாக எந்த பைலை ரைட் க்ளிக் செய்தாலும் ஜன்னல் அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் டாஸ்க்பாரும் டெஸ்க்டொப் ஐகன்களும் மறைந்து திரும்ப வருகின்றன. டவுன்லோட்ஸ் போல்டர் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது. ஃபோர்மெட் பண்ணச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. பைல் எக்ஸ்ப்ளோரர் போல்டர்களைக் காட்டுவதோடு நிற்பதில்லை. டாஸ்க்பாரையும் டெஸ்க்டொப்பையும் வரைவதும் அதுவேதான். அது விழுந்தால் எல்லாம் சேர்ந்து மறைவது அதனால்தான்.

நின்றுபோனதும் பவர் பட்டனை அமுக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தெரிவுசெய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பட்டியலில் அது இல்லாவிட்டால், பைல் மெனுவில் ‘ரன் நியூ டாஸ்க்’ போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். திறந்திருக்கும் வேர்ட் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பாதியில் ஓடும் கொப்பி மட்டும் அறுந்துவிடும்.

ரைட் க்ளிக்கில்தான் நிற்கிறது என்பது நல்ல துப்பு. சிப் பைலை விரிக்கும் மென்பொருள், வைரஸ் காவல், பிடிஎஃப் மென்பொருள் என்று நீங்கள் ஏற்றும் ஒவ்வொன்றும் அந்த மெனுவில் ஒரு வரியைச் செருகுகிறது. அந்த வரிக்குரிய நிரல் எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளேயே ஓடுகிறது. விருந்தாளி மயங்கி விழுந்தால் வீட்டுக்காரரும் சேர்ந்து விழுகிற கதைதான். அந்த விருந்தாளி யார் என்று பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். சிவப்பு வட்டம் விழுந்த நாளில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வரியை இரட்டைக் க்ளிக் செய்து, ‘ஃபோல்ட் மொடியூல் நேம்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஏதாவது மென்பொருளின் டிஎல்எல் (நிரல் பைல்) பெயர் இருந்தால் அதைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள். விண்டோஸின் சொந்தப் பைல்களான என்டிடிஎல்எல் அல்லது கேர்னல்பேஸ் என்றிருந்தால் அதை நம்ப வேண்டாம். உடல் கிடந்த இடம்தான் அது, கொன்றவர் வேறு. விழாமல் வெறுமனே உறைந்துபோன தடவைகளுக்குப் பெரும்பாலும் பெயரே கிடைக்காது.

பெயர் கிடைக்காவிட்டால், இப்படிச் செருகப்பட்டவற்றைப் பட்டியலிட்டு முடக்க உதவும் நிர்சொஃப்ட்டின் இலவச ஷெல்எக்ஸ்வியூவை இறக்குங்கள். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால் அதுவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். ஒப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசொஃப்ட்டுக்குரியவற்றை மறையுங்கள். மிஞ்சியவற்றில் பாதியை எஃப்7 அழுத்தி முடக்கி, எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து ரைட் க்ளிக் பண்ணிப் பாருங்கள். நிற்காவிட்டால் குற்றவாளி முடக்கிய பாதியில், நின்றால் மற்றப் பாதியில். 16 இருந்தாலும் நான்கே சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். மற்றவற்றை எஃப்8 அழுத்தித் திரும்ப இயக்குங்கள். ஒவ்வொன்றாக முடக்கி அரை நாளைத் தொலைக்க வேண்டியதில்லை.

டவுன்லோட்ஸ் தாமதம் வேறு வியாதி. அந்தப் போல்டரின் ப்ரொபட்டீஸில் ‘கஸ்டமைஸ்’ பக்கம் போய் ‘ஒப்டிமைஸ்’ என்பதை ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ ஆக்குங்கள். படங்கள், வீடியோக்களுக்கென்று அமைந்திருந்தால் ஒவ்வொரு பைலுக்குள்ளும் போய் விபரம் தேடும், அதுதான் மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்வது. பாதி இறங்கிய வீடியோவின் சிறுபடத்தை வரையப் போயும் எக்ஸ்ப்ளோரர் விழுவதுண்டு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ‘கண்ட்ரோல் ஃபோல்டர்ஸ்’ என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரர் ஜன்னல் திறக்காமலே அமைப்புகள் வரும். ‘வியூ’ பக்கத்தில் ‘ஓல்வேஸ் ஷோ ஐகன்ஸ்’ என்பதில் சரி போட்டு, ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘க்ளியர்’ கொடுத்துப் பழைய வரலாற்றையும் துடையுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. ஆகவே அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தோட்ட ஒஃபிஸில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) வேலை செய்கிறேன். காலையில் ‘திஸ் பிசி’யைத் திறந்தால் ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது. பெரிய கிளாக்கர் வந்து தன் கொம்பியூட்டரைப் போட்ட பிறகு சரியாகிவிடுகிறது.

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருடைய கொம்பியூட்டரில் உள்ள பொதுப் போல்டர் உங்களிடம் நெட்வேர்க் டிரைவாக மாட்டியிருக்கிறது. அணைந்து கிடக்கும் இயந்திரத்தைக் கூப்பிட்டுவிட்டு உங்கள் எக்ஸ்ப்ளோரர் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்த டிரைவை ரைட் க்ளிக் செய்து ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் போதும், வேண்டும்போது திறக்கலாம். குவிக் எக்செஸில் அந்தப் போல்டரைப் பின் செய்திருந்தால் அதையும் கழற்றுங்கள்.

கேள்வி: மஸ்கெலியாவில் இடி மின்னலோடு கரண்ட் போய் வந்ததிலிருந்து எந்தப் போல்டரும் உறைகிறது. ஹாட் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தமும் கேட்கிறது.

பதில்: எக்ஸ்ப்ளோரரை விடுங்கள், டிஸ்க்கைக் கவனியுங்கள். முதல் வேலை, முக்கியமானவற்றை வேறு டிஸ்க்குக்குக் கொப்பி எடுப்பது. அதற்கு முன் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாக வாசிக்க வைத்தால் மிஞ்சியதும் போகலாம். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் தப்பித்தது, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் டிக் சத்தம் கேட்கும்போது கேபிள் என்று நம்பிக்கொண்டிருக்க மாட்டோம்.

கேள்வி: பண்டாரவளையில் ஆசிரியை நான். தரம் 5 மாதிரி வினாத்தாள்களைத் தமிழ்ப் பெயரில் போல்டருக்குள் போல்டராக வைத்திருக்கிறேன். சிலவற்றை அழிக்கவும் முடியவில்லை, கொப்பியும் ஆகவில்லை. பெயர் நீளம் என்கிறது. அவ்வளவு நீளமும் இல்லையே?

பதில்: கண்ணுக்கு நீளமில்லை. ‘புலமைப்பரிசில்’ நமக்கு 8 எழுத்து. விண்டோஸுக்கு 14, ஏனென்றால் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. டிரைவ் எழுத்திலிருந்து பைல் பெயர் வரை மொத்தம் 260 இடம்தான். நாலைந்து தமிழ்ப் போல்டர்கள் அடுக்கினால் நிரம்பிவிடும். மேல் போல்டர்களின் பெயரை ‘த5’ போலச் சுருக்குங்கள், உள்ளே இருப்பவை தாமாக விடுபடும். அப்படியும் அழியாவிட்டால், சிப் பைல் விரிக்கும் மென்பொருளான செவன்சிப்பின் பைல் மெனேஜரில் திறந்து அழிக்கலாம்.