பத்து நாள் குரு: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைக் கால இசை முகாம்களைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெற்றோர், மாணவர், முதன்முறையாகக் கற்பிக்கப் போகும் கலைஞர் என்று மூன்று தரப்பினரும் எழுதியிருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் இத்தகைய முகாம்களில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) கற்பித்தவன் என்பதால், கேட்டறிந்ததைவிடக் கண்டறிந்ததையே பெரும்பாலும் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான்கு ஆண்டுகளாக ஒரே ஆசிரியையிடம் வயலின் கற்று வருகிறாள். விடுமுறையில் பத்து நாள் முகாமுக்கு அனுப்பினோம். அங்கே கற்பித்த ஆர்கெஸ்ட்ரா கலைஞர், அவள் வில் பிடிக்கும் முறையே தவறு என்று சொல்லி அதை மாற்றிவிட்டார். திரும்பி வந்ததும் ஆசிரியை மிகவும் வருந்தினார். மகளோ இப்போது எப்படிப் பிடித்தாலும் ஒலி சரியாக வரவில்லை என்று அழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆண்டு முழுவதும் உங்கள் மகளைக் கவனித்து வருபவரின் சொல்லைக் கேளுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வில்லை இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு முறை கிடையாது. பிராங்கோ – பெல்ஜியப் பாணி, ரஷ்யப் பாணி என்று பெயர் பெற்ற வழிகளிலேயே சுட்டுவிரல் வில்லின் தண்டைத் தொடும் இடம் வேறுபடுகிறது. இரண்டிலும் மாபெரும் கலைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கூடாது என்பதல்ல. கைக்குப் பழகிப்போன ஒன்றை மறக்கவைத்து, புதியதை அதே அளவுக்குப் பழக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதும், அந்த மாதங்களில் யாராவது ஒருவர் வாரந்தோறும் அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுமே விஷயம். பத்து நாளில் பழைய பிடியைக் குலைக்க முடியும். புதிய பிடியை நிலைநிறுத்த முடியாது.

புகழ்பெற்ற வயலின் ஆசிரியர் இவான் கலாமியன் 1944இல் நியூயார்க் மாநிலத்தில் மெடோமவுன்ட் என்ற கோடைக்கால இசைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் தனித்தனியாகச் சாதகம் செய்தார்கள். கலாமியன் வில் பிடியை அடியோடு மாற்றியமைத்தவர்தாம். ஆனால், பிள்ளைகள் கோடை முழுவதும் அவர் கண்முன்னே இருந்தார்கள். அவர்களில் பலர் ஆண்டின் மற்ற மாதங்களிலும் அவரிடமே படித்தார்கள். தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு இருந்ததால்தான் அவர் அதில் கை வைத்தார். பத்து நாளில் விடைபெற்றுச் செல்பவருக்கு அந்த உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக அந்தக் கலைஞர் சொன்னதை அடியோடு தள்ளிவிட வேண்டாம். அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. சுண்டுவிரல் விறைத்திருந்ததா, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்ததா, தோள் உயர்ந்திருந்ததா என்று மகளிடம் நிதானமாகக் கேட்டு, அவர் கண்ட குறையை மட்டும் ஆசிரியையிடம் தெரிவியுங்கள். குறைக்கு மருந்து என்ன என்பதை ஆசிரியை முடிவு செய்யட்டும். முகாம் நடத்துபவர்கள் இதை முறைப்படியே செய்யலாம்: கற்பித்தவர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வீட்டு ஆசிரியருக்குப் பத்து வரியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால், இத்தகைய மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை எழவே மாட்டா.

கேள்வி: நான் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கிறேன். வரும் விடுமுறையில் ஓர் இளையோர் முகாமில் செல்லோ பிரிவுக்குப் பயிற்சி அளிக்க அழைத்திருக்கிறார்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை பதினான்கு பேர். எனக்கு ஆசிரியப் பயிற்சி எதுவும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கையில் செல்லோவுடன் உள்ளே செல்லுங்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்த அறிவுரையைத்தான் பலர் மறக்கிறார்கள். இசைத்தாளை மட்டும் ஏந்திக்கொண்டு முன்னால் நின்று பேசும் கலைஞர், தம்மிடம் உள்ள மிகப் பெரிய செல்வத்தை அறைக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்.

முதல் அமர்வில் தொடக்கத்திலேயே திருத்தாதீர்கள். ஒரு முறை முழுவதும் வாசிக்க விட்டு, நீங்களும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து வாசியுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது தற்செயலாகத்தான். ஒரு முகாமில் என் வயோலா பிரிவு முன்னாலிருந்து கேட்கும்போது நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் நாற்காலி போதாமல் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்திலிருந்த சிறுவனின் வில், மற்றவர்களுடையதைப் போலவே மேலும் கீழும் சரியாகச் சென்றுகொண்டிருந்தது. ஆனால், தந்திக்கு ஒரு நூலிழை மேலே, காற்றில். விரைவான பகுதி வரும்போதெல்லாம் அவன் ஒலியே எழுப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தான். தவறாக ஒலித்து மற்றவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற அச்சத்தில், மூன்று நாட்களாக அப்படியே சமாளித்திருக்கிறான்.

நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் நான்கு சுரங்களுக்கு ஒன்றாக, தாளத்தின் தட்டு விழும் சுரத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவன் ஓரக்கண்ணால் பார்த்து அதையே வாசித்தான். மறுநாள் இரண்டு சுரங்கள். கடைசி நாளில் எல்லாச் சுரங்களும் வந்தன என்று சொல்ல முடியாது. ஆனால், அவன் வில் தந்தியின் மேல் இருந்தது. கடினமான இடத்தில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள் எல்லாரும் அனுபவத்தில் அறிந்த ஒன்று. தனிப்பாடம் எடுக்கும் ஆசிரியர் அதைச் சொல்லித்தர வாய்ப்பு அமைவது அரிது.

நீங்கள் கற்பிக்க வேண்டியவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே: முதல் வரிசையினரின் வில் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைத் தாளிலிருந்து கண்ணெடுக்காமலே கவனிப்பது; தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து மூச்செடுப்பது; நாற்பது பார் (தாளச் சுற்று) நீளும் ஓய்வை எண்ணும்போது எந்த வாத்தியத்தின் நுழைவை அடையாளமாக வைத்துக்கொள்வது; இருவர் ஒரே தாளைப் பார்க்கும்போது மேடையின் உள்பக்கம் இருப்பவர் பக்கத்தைப் புரட்ட, வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பது. சொல்வதைவிடச் செய்து காட்டினால் இவை உடனே புரியும்.

இன்னொன்று. நீங்கள் எப்படிச் சாதகம் செய்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் காட்டுங்கள். உங்களுக்கே கடினமாக இருக்கும் ஒரு பகுதியை எடுத்து, அவர்கள் முன்னிலையில் அரை மணி நேரம் உழைத்துப் பாருங்கள்: தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பாதி வேகத்தில் வைப்பது, இடக்கையை விட்டுவிட்டு வெறும் தந்தியில் வில்லை மட்டும் ஓட்டுவது, கடைசி பாரில் தொடங்கி அதற்கு முந்தைய பார்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வருவது. மேடையில் உங்களைக் கேட்பவர்களுக்கு விளைவு மட்டுமே தெரிகிறது. அந்த விளைவுக்குப் பின்னால் இத்தனை தடுமாற்றம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, தன் தடுமாற்றத்தைக் கண்டு அஞ்சுவதை விட்டுவிடுகிறது.

கடைசியாக, கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை. ஒரு பிள்ளைக்குத் தனியாகப் பாடம் எடுத்தால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது கண்ணாடி வைத்த கதவுள்ள அறையாக இருக்கட்டும். தோளையோ மணிக்கட்டையோ தொட்டுத் திருத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முடிந்தவரை உங்கள் கையிலேயே காட்டிப் புரியவையுங்கள். மாணவர்களோடு தனிப்பட்ட முறையில் கைப்பேசிச் செய்தி பரிமாற வேண்டாம். இவை உங்கள் மேல் ஐயம் கொண்டு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் அல்ல. பிள்ளைகள் தங்கள் நாயகனாகவே உங்களைக் காணும் இடத்தில், அந்த நம்பிக்கைக்குப் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

கேள்வி: புகழ்பெற்ற கலைஞர்களின் படங்களைப் போட்டு விளம்பரம் செய்யும் முகாம்கள் உண்மையிலேயே பயனுள்ளவையா? கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது.

பதில்: அந்தக் கலைஞர் பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம் இருப்பார் என்று முகாம் நடத்துபவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரு நாள் பிற்பகலில் வந்து, மேடையில் நான்கு பேருக்குப் பாடம் சொல்ல, மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது பதிலானால், அதை நல்லதொரு நிகழ்ச்சி என்று கொள்ளலாமே தவிர முகாமின் பயன் என்று கணக்கில் வைக்கக் கூடாது.

பெயரும் உழைப்பும் ஒன்றுசேர்ந்த இடங்களும் உண்டு. 1951இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், பியானோ மேதை ருடால்ஃப் செர்கினும் வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ் முதலானவர்களும் சேர்ந்து தொடங்கிய மார்ல்பரோ இசைப் பள்ளியில், மூத்த கலைஞரும் இளையவரும் ஒரே சிறுகுழுவில் சமமாக அமர்ந்து வாசிப்பதே பாடமுறை. அங்கே ஒத்திகை செய்யப்படும் படைப்புகள் எல்லாமே மேடை ஏறுவதில்லை. 1948இல் ரூத் ரெயில்டன் நிறுவிய பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவில், பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகள் கூடித் தங்கும்போது, தொழில்முறைக் கலைஞர்கள் ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் பயிற்சி அளிக்கிறார்கள். அந்தக் கலைஞர்களில் பலரின் பெயர் விளம்பரத்தில் இடம்பெறும் அளவுக்குப் பிரபலமானதாக இருக்காது. ஆனால், நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். உங்கள் பணத்தை அத்தகையவர்களுக்காகச் செலவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது பதினைந்து. வயலின் வாசிக்கிறேன். வீட்டில் ஒரு மணி நேரம்தான் சாதகம். முகாமில் நாளுக்கு ஆறு மணி நேரம். மூன்றாம் நாளே இடது மணிக்கட்டு வலித்தது. சொன்னால் குழுவிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை. இனிமேல் என்ன செய்வது?

பதில்: வலி இன்னும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு மற்றவை.

வாசிக்கும் நேரம் ஒரே நாளில் பல மடங்கு கூடுவது, வாத்தியக் கலைஞர்களுக்கு வலி வருவதற்கு நன்கறியப்பட்ட காரணங்களில் ஒன்று. இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. அடுத்த முகாமுக்கு முன் மூன்று, நான்கு வாரங்களில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முகாமில் இடைவேளையின்போது தனியறைக்குச் சென்று மறுபடியும் வாசிக்கும் ஆர்வத்தை அடக்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடங்களில் தாளை மட்டும் படித்து, விரல்களை மனத்தில் ஓட்டுங்கள். வலித்தால் அன்றே சொல்லுங்கள். சொன்ன பிள்ளையை ஒதுக்கும் ஆசிரியர் தம் பொறுப்பை அறியாதவர். நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் எல்லாரும், வலிக்கிறவரைத் தம் பக்கத்தில் அமர்த்தி, வாசிக்காமல் தாளைப் பின்தொடர வைத்து, எதைக் கேட்க வேண்டும் என்று காதருகே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்று அந்தப் பிள்ளை கற்பது அதிகம்.

செவியையும் மறக்க வேண்டாம். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 91 டெசிபல் என்றால் இரண்டே மணி நேரம். ட்ரம்பெட்டுகளுக்கு முன்னால் அமர்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. இசைக்கலைஞர்களுக்கென்றே உள்ள காதடைப்பான்களைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: என் மகனை ஆர்கெஸ்ட்ராவின் இரண்டாம் வயலின் பிரிவில் கடைசி வரிசையில் அமர்த்திவிட்டார்கள். அவன் மனம் உடைந்துவிட்டான். ஆசிரியரிடம் பேசலாமா?

பதில்: இடத்தை மாற்றச் சொல்லிப் பேச வேண்டாம். வரிசைகளைச் சுழற்சி முறையில் மாற்றுவார்களா என்று மட்டும் கேட்கலாம். 1928இல் தொடங்கிய அமெரிக்காவின் இன்டர்லாக்கன் முகாமில், நெடுங்காலமாக இருக்கைகளுக்கு வாரந்தோறும் போட்டி நடந்தது. சக மாணவர்களே கேட்டு வாக்களித்து யார் எங்கே அமர்வது என்று முடிவு செய்தார்கள். அது சிலரை ஊக்கப்படுத்தியிருக்கும். பத்து நாள் முகாமுக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. முன்னால் இருப்பவரைத் தோற்கடிக்க நினைக்கும் பிள்ளையின் காதில் அவருடைய இசை விழாது. கடைசி வரிசையில் வாசிப்பது உண்மையில் கடினமான வேலை என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். முதல் வரிசையின் ஒலி அங்கே வந்து சேரச் சற்றே தாமதமாகும். காதை மட்டும் நம்பினால் பிந்திவிடுவோம், கண்ணையும் நம்ப வேண்டும்.

கேள்வி: முகாம் முடிந்து வந்ததிலிருந்து என் தங்கை கிளாரினெட்டைத் தொடவே இல்லை. தனியாக வாசிக்கப் பிடிக்கவில்லை என்கிறாள். அங்கே கற்றதெல்லாம் வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. அறுபது பேர் நடுவில் ஒலித்த தன் ஒலியைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு, நான்கு சுவருக்குள் தனியாக ஒலிக்கும் கிளாரினெட் வெறுமையாகத் தோன்றுவது இயல்பு. ஒரு வாரம் விட்டுப்பிடியுங்கள். பிறகு சாதகம் செய் என்று சொல்லாமல், முகாமில் அவளுக்குக் கற்பித்த கலைஞருக்கு முகாம் அலுவலகத்தின் வழியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். என்ன வாசித்தோம், எந்த இடம் இன்னும் வரவில்லை என்று அதில் எழுதட்டும். எனக்கு அப்படி வந்த கடிதங்களில், 'அந்த இடம்' எது என்று உறுதி செய்துகொள்வதற்காக வாத்தியத்தை எடுத்துப் பார்த்ததாக எழுதாதவர் எவருமில்லை. கூட வாசிக்க ஒரு தோழியும் கிடைத்தால், இரண்டு கிளாரினெட்டுக்கென எழுதப்பட்ட எளிய இசைத்தாள்களை வாங்கிக் கொடுங்கள்.