உரமே போடாத காட்டு மண்ணிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடு வருமா?

காரைக்குடிப் பக்கம் நெல் பயிரிடும் ஒருவரின் கேள்வி இது: "யூரியா போட்ட வயலிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு கிளம்புகிறதாம். உரமே காணாத கோயில் காட்டிலிருந்தும் வருமா?"

வரும். இரண்டு இடத்திலும் வேலை செய்பவை மண்ணின் நுண்ணுயிர்கள்தான். சருகும் யூரியாவும் மண்ணில் சிதைந்து அம்மோனியம் என்ற நைட்ரஜன் சேர்மத்தைத் தருகின்றன. காற்றோட்டமுள்ள மண்ணில் அவை அதை நைட்ரேட் என்ற இன்னொரு சேர்மமாக மாற்றும்போது, நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடு கசிகிறது. இது வெயிலில் தரைமட்ட ஓசோன் உருவாகத் துணைபோகும். ஈரம் மிகுந்து ஆக்சிஜன் குறைந்தால் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கின்றன. அப்போது இன்னொரு வகையான நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. நூறாண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது.

செட்டிநாட்டில் நான் முக்கியமாகக் கருதுவது கோடைக்குப் பிந்தைய முதல் மழையை. மாதக்கணக்கில் காய்ந்த செம்மண் நனைந்ததும் உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும்; சில மணி நேரத்திலேயே வாயு வெளியேற்றம் திடீரென உயரும். காட்டில் சருகு மட்கித் தரும் நைட்ரஜனில் பெரும்பகுதியை வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. யூரியாவிலோ 46 சதவீதம் நைட்ரஜன். அதை ஒரே தடவையில் கொட்டினால் இளம்பயிரால் அத்தனையையும் எடுக்க முடியாது; மிஞ்சுவதில் ஒரு பகுதி நுண்ணுயிர்கள் வழியே வாயுவாகிறது.

வயலில் நீர் தொடர்ந்து நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு குறைவு, மீத்தேன் அதிகம். கண்மாய் வற்றி வயல் காய்ந்து, மறுபடி நனையும்போதுதான் நைட்ரஸ் ஆக்சைடு எகிறுகிறது. ஆகவே யூரியாவைத் தவணைகளாகப் பிரித்துப் போடுங்கள். கனமழை வரும் நாளைத் தவிருங்கள். வேப்பெண்ணெய்ப் பூச்சு, யூரியாவின் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும்.