கால் எம்.எல். என்பது எவ்வளவு?

கேள்வி: பெங்களூரை ஒட்டி, ஆனேக்கல் பக்கம் 4 கறவை மாடும் கொஞ்சம் ராகியும் வைத்திருக்கிறேன். தோட்டத்து நாய் 5 குட்டி போட்டு 35 நாள் ஆகிறது. குட்டிகளுக்கு வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, காதுக்குள் உண்ணி. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தையே கால் எம்.எல். வாயில் விட்டால் இரண்டும் போய்விடும் என்று தீவனக் கடையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது. விடலாமா?

பதில்: விடாதீர்கள். அது 1 சதவீத மருந்து, கால் எம்.எல்.லில் இரண்டரை மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம் இருக்கும். நாய்க்கு இதயப்புழு வராமல் மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையிலும் இதே ஐவர்மெக்டின்தான், ஆனால் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 2 கிலோ குட்டிக்கு 12 மைக்ரோகிராம். அதுவும் 6 வாரம் முடிந்த பிறகு. கடைக்காரர் சொன்னது அதைப்போல 200 மடங்குக்கு மேல்! அளவு மீறினால் கண்மணி விரியும், எச்சில் ஒழுகும், தள்ளாடி விழும். இதற்கென்று முறிவு மருந்தும் கிடையாது. தீவனக் கடையில் தவிடு வாங்குங்கள், பிண்ணாக்கு வாங்குங்கள். குட்டி எத்தனை கிலோ என்றுகூடக் கேட்காத ஆளிடம் மருந்து வாங்காதீர்கள்.

எடைதான் எனக்கு எப்போதும் முதல் பேச்சு. சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை உட்காரவைத்தால் முடிந்தது. ஒரே ஈற்றில் பெரிய குட்டி 2 கிலோ இருக்கும், ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சவலை 1 கிலோகூடத் தேறாது. இரண்டுக்கும் ஒரே மூடி மருந்தா? ஒவ்வொன்றின் எடையையும் தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பைரன்டெல் என்ற புழு மருந்து கலந்த, குட்டிகளுக்கான சிரப்பை 2 வாரக் குட்டிக்கே கொடுக்கலாம், பயமில்லை. மறுநாள் மலத்தில் சேவை மாதிரி புழு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். 2 வாரம் கழித்து மறுபடி கொடுங்கள், 8 வாரத்துக்கு மேல் மாதம் ஒருமுறை, 6 மாதம் வரை.

நீங்கள் கேட்காத ஒன்று: தாய்க்குக் கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள்? உருண்டைப் புழு கருவிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப் புழு பாலில் போகும். குட்டிக்குக் கொடுக்கிற அதே நாளில் தாய்க்கும் கொடுங்கள். சாணியை அள்ளுவதுபோல நாய் மலத்தையும் தினம் அள்ளிப் புதைத்துவிடுங்கள்; அதிலிருக்கும் புழு முட்டை வீட்டுப் பிள்ளைகளின் கை வழியே வாய்க்கும் போகும்.

உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டிமேல் தெளிக்கவே கூடாது. பிப்ரோனில் என்ற நாய் உண்ணி மருந்தின் ஸ்ப்ரே இந்த வயதுக்கு ஆகும், கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு 8 வாரம் ஆகட்டும். அப்புறம், கொட்டகைச் சுவரின் விரிசலைப் பூசுங்கள், உண்ணி முட்டையிடுவது அங்கேதான்.

இன்றைக்கே ஒவ்வொரு குட்டியின் உதட்டையும் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் சிரப்புக்குக் காத்திருக்காமல் தாலுக்கா கால்நடை ஆஸ்பத்திரிக்கோ ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கோ கொண்டுபோய்விடுங்கள்.