கவசத்துக்குள் மின்சாரம்: வாசகர் கேள்விகள்

கருங்கல் மின்சாரத்தைக் கடத்தாதே. பூமிக்குள் இருக்கும் பாறை மட்டும் எப்படிக் கடத்துகிறது? (ராயபுரம்)

சூடுதான் முதல் காரணம். உலோகம் சூடேறினால் கடத்துவது குறையும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த பாறை அடுக்குதான் கவசம்; அதன் மேல்பகுதியில் நிறைந்திருக்கும் ஆலிவின் என்ற கனிமத்தில் கூடும். அடுத்தது இரும்பு. ஆலிவினில் மெக்னீசியத்தோடு கொஞ்சம் இரும்பும் உண்டு. தண்ணீர் லாரி வரிசையில் குடம் கைமாறுவதைப் போல, ஓர் இரும்பு அணுவிடமிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாவுகிறது. அப்படியும் 1,400 டிகிரி சூட்டில் மீட்டருக்கு 0.01 சீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு) அளவில்தான் கடத்தும். காசிமேட்டுக் கடல்நீருக்கு அது 4, 5 இருக்கும்.

பூமிக்கு அடியில் பெருங்கடல் இருப்பது உண்மையா? (பிளஸ் டூ மாணவி, திருவொற்றியூர்)

அலையடிக்கும் கடல் இல்லைம்மா. 410 கிலோமீட்டருக்குக் கீழே அழுத்தத்தால் ஆலிவின் வாட்ஸ்லியைட் என்ற கனிமமாகவும், பிறகு ரிங்வுடைட் என்ற கனிமமாகவும் மாறுகிறது. இவை தங்கள் படிகத்துக்குள்ளேயே நீரின் ஒரு பாகமான ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் மாட்டியிருந்த ரிங்வுடைட் துணுக்கைப் பற்றி 2014இல் ஆய்வு வெளியானது. கண்ணுக்கே தெரியாத அந்தத் துணுக்கில், எடையில் சுமார் 1.5 சதவீதம் நீர்! எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும் செய்தி அது.

அந்த ஹைட்ரஜனும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் எவ்வளவு கூட்டும் என்பதில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்த சோதனைகள் ஒத்துப்போகவில்லை. கடத்துதிறன் கூடுதலாக இருந்தாலே ‘தண்ணீர்’ என்று எழுதிவிடுவது அவசரம். அதிகச் சூடு, அதிக இரும்பு, உருகிய பாறை என எதுவும் காரணமாகலாம். நில அதிர்வு அலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

அவ்வளவு ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் அளக்கலாமா? (எண்ணூர்)

உலகிலேயே ஆழமான, ரஷ்யாவின் கோலா துளையே 12 கிலோமீட்டர் சொச்சம்தான். எனவே துளை போடுவதில்லை. சூரியனிலிருந்து பாயும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றால் பூமியின் காந்தப்புலம் ஏறி இறங்கும்போது நிலத்தில் எழும் மின்புலத்தைப் பதிவு செய்கிறார்கள். இதற்குப் பெயர் மேக்னெட்டோடெல்லூரிக் முறை. எவ்வளவு மெதுவான ஏற்ற இறக்கமோ அவ்வளவு ஆழம் தெரியும். கவசத்துக்கு நாள்கணக்கில் கருவியை விட்டுவைக்க வேண்டும். உங்கள் பக்கம் வேண்டாம்: மின்சார ரயில், உயர் அழுத்தக் கம்பி, பக்கத்திலேயே கடல், எல்லாமே பதிவைக் கெடுக்கும்.

போர் போட மின்தடை சர்வே எடுத்தோம். தடை குறைவு, உப்புத் தண்ணீர் என்கிறார்கள். நம்பலாமா? (மீஞ்சூர்)

மீஞ்சூரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது தெரிந்ததே, வாய்ப்பு அதிகம். ஆனால் களிமண்ணும் அதே மாதிரி குறைந்த தடை காட்டும். பக்கத்து போர்களின் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.